ராகு காலத்தில் மாட்டிக்கொண்ட சர்வர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஏதாவது ஒரு சொல் புரியவில்லை என்றால் சின்ன ர-வைப் பெரிய ற-வாக மாற்றிப் படித்துப் பாருங்கள். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் சர்வர் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் ஏசி ஓடுகிறதா, யூபிஎஸ் கத்துகிறதா, விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் பெங்களூரிலிருந்து ரேகா மேடம் போனில் சொல்வார். மூளை அவர், கை கால் நான்.

எங்களிடம் இரண்டு சர்வர்: ஒன்று மெயின், இன்னொன்று ஸ்டேண்ட்பை. மெயினில் எழுதுவார்கள். அதில் எழுதுவதையெல்லாம் ஸ்டேண்ட்பை காப்பி எடுத்துக்கொள்ளும். ஸ்டேண்ட்பையில் யாரும் எழுத முடியாது, படிக்க மட்டும் செய்யலாம். கேட்டில் உள்ள டோக்கன் ஸ்கிரீன் அதிலிருந்துதான் படிக்கும். அடுத்த வண்டி எது என்று ஸ்கிரீன் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

போன சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போய் வந்தது. மெயின் தாங்கியது. ஸ்டேண்ட்பையின் பேட்டரி பழசு, படுத்துவிட்டது. மறுபடி ஆன் செய்தேன். விளக்கெல்லாம் பச்சை. ஆனால் கேட் ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது.

வெளியே வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. முதலில் நின்றது மாதேசன் அண்ணனின் டிராக்டர். மரத்திலேயே பழுத்த பழம். அடியில் இருந்தது நசுங்கிச் சொட்ட ஆரம்பித்திருந்தது. புளித்துவிட்டால் ஃபேக்டரி எடுக்காது. அந்த வருஷம் அவர் தோப்பில் காய்த்ததே அந்த ஒரு லோடுதான்.

"ஏங்க அந்தோணி, உள்ள மிஷின் எதுக்குங்க? கூழு என் டிராக்டர்லயே ஆயிட்டிருக்குது பாருங்க" என்றார். சிரிப்பது போல இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை.

மேனேஜர் கேட்டில் ஏறி நின்று, "மொத வண்டி மட்டும் வாங்க!" என்று கத்தினார். எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆனது. பயந்துபோய்க் கேட்டைத் திரும்பச் சாத்தச் சொல்லிவிட்டார்.

நான் ரேகா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, ஸ்டேண்ட்பை ஓடுது. ஆனா படிக்க யாரையும் உள்ள விட மாட்டேங்குது. மெயின்ல ஒரு பெரிய என்ட்ரி பாதியில நிக்குது. அது முடியற வரைக்கும் இது இப்படித்தான் இருக்கும்."

"ஏங்க மேடம்?"

"சீட்டாட்டத்துல பாதியில தூங்கிட்டு எழுந்தவன் மாதிரிண்ணா. யார் கையில என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அந்த ஆட்டம் முடிஞ்சாத்தான் கணக்குச் சொல்லுவான்."

"அந்த என்ட்ரிய நீங்களே கட் பண்ணிடுங்களேன்."

"பண்ணலாம். ஆனா காலையிலேருந்து போட்டதெல்லாம் போயிடும். அக்கவுண்ட்ஸ் ரூம்ல ஜன்னலோர மெஷின். சேவ் பண்ணச் சொல்லுங்க, போதும்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது சரோஜா அக்கா. மேனேஜரே அவரிடம் கதவைத் தட்டிவிட்டுத்தான் பேசுவார். நான் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, தண்ணி வேணுங்களா?"

"இப்பத்தான குடிச்சேன்."

திரும்பி வந்துவிட்டேன்.

"கேட்டீங்களாண்ணா?" என்றார் மேடம்.

"தண்ணி வேணாமாங்க."

"யாருக்கு, சர்வருக்கா?"

அதற்குள் கேட்டில் சத்தம் பெரிதாகி மேனேஜரே அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு ஓடி வந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அந்த முதுகிடமே விஷயத்தைச் சொன்னேன்.

சரோஜா அக்கா அசையவில்லை. "ஆமா சார், புது ரேட்டு பூரா ஏத்திட்டேன். ஒவ்வொரு விவசாயியா ஏத்தி, கடைசியில ஒரே சேவ். நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சேன். முடிக்கறதுக்குள்ள ராகு காலம் வந்துடுச்சு. பன்னெண்டு மணிக்கு அமுத்தறேன்."

"ஏம்மா, வெளிய பழம் ஒழுகுது!"

"புது ரேட்ட ராகு காலத்துல அமுத்தி, வருசம் பூரா நஷ்டம் வந்தா யாரு சார் பதில் சொல்றது?"

மேனேஜர் மவுஸை ஒரு தடவை பார்த்தார். கையை எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏம்ப்பா அந்தோணி, நீங்க வேதக்காரங்கதான? உங்களுக்குத்தான் ராகு காலம் கெடையாதே!"

எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே தினசரி காலண்டர் தொங்குகிறது. ராகு காலம் பார்க்காமல் என் மனைவி ஆட்டுக்குட்டி கூட வாங்க மாட்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் அதை அங்கே சொல்லவும் வெட்கம்.

அப்போது ஜன்னல் வழியாக மாதேசன் அண்ணனைப் பார்த்தேன். தன் தலைத்துண்டை நனைத்துப் பழத்தின் மேல் விரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய லோடுக்கு ஒரு துண்டு.

போய் அமுக்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

"எங்க அமுத்தற? அது பிரிண்ட்டு!" என்று அக்கா கத்தினார். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அவரே என் விரலைப் பிடித்துச் சேவ் மேல் வைத்தார். "நான் அமுத்தல. விரலு உன்னுது" என்றார். அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஸ்கிரீன் வந்துவிட்டது. குவாலிட்டி ஆள் மாதேசன் அண்ணனின் லோடை மோந்து பார்த்தார், அடியில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார், இன்னொன்றையும் கடித்தார். மேலே இருந்ததெல்லாம் பாஸ். அடியில் இருந்தது மட்டும் கழிவு.

"தப்பிச்சுட்டமுங்க" என்று மாதேசன் அண்ணன் அந்த ஈரத்துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் மாம்பழம்.

வீட்டில் சொன்னேன். மனைவி சாதம் போடுவதை நிறுத்திவிட்டு, "ராகு காலத்துலயா அமுத்துனீங்க? அதுவும் அடுத்தவங்க கணக்கையா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடுதலாக ஒரு மெழுகுவத்தி ஏற்ற வைத்தாள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஸ்டேண்ட்பை ஆன் ஆகியும் படிக்க விடவில்லை என்றால், அதையே திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். மெயினில் யாராவது வேலையைப் பாதியில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவரிடம் போய், வெட்கப்படாமல், ஏன் என்று கேளுங்கள். காரணம் கம்ப்யூட்டரில் இருக்காது.

ஆடி 3, ஞாயிற்றுக்கிழமை.