மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஓர் உளவாளி

என் மகன் செல்போனில் பார்க்கிற உளவாளிப் படங்களை எட்டிப் பார்த்தால், கதை அன்று போலவே இருக்கிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் ஹீரோவின் சொந்த அண்ணன் என்று கடைசியில் தெரியும். உடனே மழை பெய்யும். ‘குடும்பமா, கடமையா’ என்று ஹீரோ வானத்தைப் பார்த்துக் கத்துவான். ஒன்பது வயதில் அப்படி ஒரு படத்துக்கு என்னைக் கூட்டிப்போனவர் மாமா. வினையை அவரே டிக்கெட் எடுத்து வாங்கிக்கொண்டார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். எங்கள் ஊர் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டில். அவருக்குச் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. அம்மாவைப் பெற்றவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும்போது செத்துப்போனவர். அதனால், “மருந்துல கை வச்சேன்னு தெரிஞ்சா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று அம்மா தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

படம் பார்த்த மறுநாள் காலை, மாமாவின் சைக்கிள் கிழக்கே சிவகாசிக்குப் போகாமல் மேற்கே திரும்பியதைப் பார்த்துவிட்டேன். மாமா அந்நிய நாட்டு ஆள்!

சாயங்காலம் மேற்கு ரோட்டுப் பம்புசெட்டுப் பக்கம் கருவேலம் புதருக்குள் பதுங்கினேன். மாமா வந்தார். சைக்கிளை நிறுத்திச் சட்டையைக் கழற்றினார். கழுத்திலிருந்து நகக்கண் வரை வெள்ளியாக மின்னினார். படத்தில் இந்த இடத்தில் துப்பாக்கியை எடுப்பார்கள். நான் டவுசரை நனைத்தேன்.

“ஏலே மருமகனே, இங்கன என்னலே பண்ணுத?”

“நீங்க எந்த நாட்டு ஆளு மாமா?” என்று அழுதேன்.

மாமா தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது பூச்சட்டிக்குப் போடுகிற அலுமினியப் பவுடராம். பிரஸ்ஸை விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் நாலு மாசமாச்சாம். பவுடர் போக எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பை நிறுத்தினார். “அக்காகிட்ட சொல்லீராதலே. அவளுக்குச் சோறு எறங்காது.”

அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஹீரோவை ஐஸ் கட்டியில் படுக்க வைத்தும் அவன் வாய் திறக்கவில்லையே! நானும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, “சாப்புடுதியாலே?” என்று கேட்டாள். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவன் பனியனைத் தொவைக்கிறது யாருலே? நானு. எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லீராத. தெரிஞ்சா, சொன்ன சொல்லுக்கு அவன வெளிய அனுப்பணும். அனுப்பிட்டு எங்கன போய்த் தேட?”

இப்படி நான் இரண்டு பக்கத்துக்கும் உளவாளி ஆனேன். மாமா தரப்பில் தினமும் சேவு, அம்மா தரப்பில் கருப்பட்டி மிட்டாய். எந்த நாட்டு உளவாளிக்கும் இப்படி ஒரு சம்பளம் இருந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை மதியம் ‘திடும்’ என்றது. கூரைத் தகரம் அதிர்ந்தது. தெருவே வெளியில் வந்து புகை எங்கே எழும்புகிறது என்று தேடியது. அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து மேற்கே பார்த்தபடி நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிரஸ் கிழக்கே இருக்கிறது, இவள் மேற்கே பார்க்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி வேறு எங்களையே பார்க்கிறாள்! சேலையைப் பிடித்து இழுத்து, “ம்மா, மாமா பிரஸ் அங்கன இருக்கு. கெழக்க பாரு” என்று காதோடு சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, எனக்காக, கிழக்கே திரும்பி நின்றாள். என் தோளை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெரு முனையில் மாமாவின் சைக்கிள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு இரைத்தது. வெடித்தது வேறெங்கோ ஒரு பட்டாசு ஷெட்டாம், ஆட்கள் தப்பிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மாமா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

“பிரஸ்ல கரண்டு போயிருச்சுக்கா. அதான் வந்துட்டேன்.”

“அப்படியா. உக்காரு, சாப்புடு.”

அம்மா சோறு வைத்துக்கொண்டே இருந்தாள். மாமா போதும் என்று சொல்லவே இல்லை. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் இல்லை. யாரும் மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியது நான்தான் என்கிற பெருமையில் கோலி விளையாட ஓடினேன். கரண்டு போனதைச் சொல்ல ஒரு மனுஷன் எதற்காக நெஞ்சு வெடிக்கச் சைக்கிளை மிதித்து வந்து அக்கா கண்ணில் படவேண்டும் என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.