அரளிக்கோட்டையின் கடைசி அத்தியாயம்

செய்தி வந்தபோது நான் சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில், இரண்டு கண்களிலும் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் அலைபேசி விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எழுத்துகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணிடம் நீட்டி, என்னவென்று படித்துச் சொல்லும்படி கேட்டேன். "எழுத்தாளர் ஜெசிந்தா அம்மையார் இன்று காலை இறைவனில் இளைப்பாறினார்" என்று பாடம் படிப்பது போல உரக்கப் படித்தவர், பெயரை மறுபடியும் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஏனுங்க, அந்தப் பரிசல்காரி கதை எழுதினவங்களா இவங்க?"

"ஆமாங்க."

"எங்கம்மா அதைக் கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணி வெச்சிருக்காங்க. ஆனா கடைசி அத்தியாயத்தை மட்டும் எங்களைப் படிக்க விட்டதில்லை. அது நெசமா நடந்ததும்பாங்க. அப்படிங்களா?"

கண்ணில் மருந்து வழிந்துகொண்டிருந்தது. மருந்து மட்டும்தானா என்று எனக்கே தெரியவில்லை. ஜெசிந்தா அக்காவை வாசித்த உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். அவர் இருந்தவரை இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போது எழுதுகிறேன்.

ஜெசிந்தா அக்கா சேலத்துக்காரர். அப்பா கோயில் தெருவில் தையல் கடை வைத்திருந்தார். நாமக்கல் தொலைபேசி நிலையத்தில் அக்காவுக்கு வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மலைக்கோட்டை தெரியும்படியான ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, வேலை முடிந்த நேரங்களில் நாயக்கர் காலத்துக் கதைகளை எழுதினார். சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் வார இதழில் அவை தொடராக வந்தன. நான் அங்கே உதவி ஆசிரியர். அவர் கதைகளில் ஒரு கோட்டை இருக்கும், ஒரு காதல் இருக்கும், யாரோ ஒருவர் மர்மமாகச் செத்திருப்பார். அதைத் துலக்குகிறவள் இளவரசியாக இருக்கமாட்டாள். குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவள், சுங்கச்சாவடியில் வண்டிகளை நிறுத்துபவள், பிணம் குளிப்பாட்டுகிறவள் என்று யாராவது வருவாள்.

ஒருமுறை அவர் கதாநாயகிக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. எங்கள் ஓவியர் அவளை மெழுகுபொம்மை மாதிரி வரைந்துவிட்டார். இதழ் வெளிவந்த மறுநாள் அக்கா நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அட்டையை ஓவியர் மேசைமேல் விரித்துவைத்து, "தழும்பு எங்கேங்க?" என்றார்.

"அட்டை விக்கணுமில்லீங்களா மேடம்?"

"தழும்போடவே அவளை ஒருத்தன் விரும்பறான். அதுதாங்க கதை. நீங்க தழும்பை அழிச்சா அவனையும் சேர்த்து அழிச்சிடறீங்க."

அடுத்த வாரம் தழும்போடு படம் வந்தது. விற்பனை குறையவில்லை. ஓவியர் அதன் பிறகு அக்காவின் கையெழுத்துப் பிரதியைப் படிக்காமல் தூரிகையைத் தொட்டதில்லை.

'அரளிக்கோட்டைப் பரிசல்காரி' தொடங்கியது அதற்குப் பிறகுதான். அரளிக்கோட்டை என்று ஒரு ஊர் எங்கும் கிடையாது. காவிரிக் கரையில் அக்கா கட்டிய கோட்டை அது. அங்கே பரிசல் ஓட்டுகிறவள் நாச்சி. தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, சுருட்டுப் பிடித்துக்கொண்டு, ஆற்றின் ஒவ்வொரு சுழியையும் அறிந்தவள். கோட்டைத் தலைவரின் மருமகள் மாதங்கி ஒருநாள் காணாமல் போகிறாள். அவளுடைய ஒற்றைக் கொலுசு கீழ்த்துறைப் படியில் கிடைக்கிறது. உடலோ அதற்கு வெகுதூரம் மேலே, ஆறு வந்துகொண்டிருக்கிற திசையில் கிடைக்கிறது. ஆற்றில் விழுந்துவிட்டாள் என்கிறார்கள் வீட்டார். விசாரிக்க வந்த அரண்மனை எழுத்தனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பரிசல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வான். அவனுக்கும் நாச்சிக்கும் இடையே வளர்ந்த காதலைப் படித்துச் சிரித்தவர்கள் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள்.

முடிவை அக்கா முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். "எல்லாரும் கொலைகாரனைத் தேடிக்கிட்டே இருப்பாங்க தம்பி. கொலையே நடக்கலைன்னா எப்படி இருக்கும்? அந்தப் பொண்ணே கொலுசைக் கீழ்த்துறையில கழட்டி வெச்சிட்டு, மேல நடந்துபோய்க் குதிச்சிருக்கா." அந்தத் திருப்பத்தில் அவருக்கு ரொம்பப் பெருமை. கடைசி அத்தியாயம் எழுதி, அச்சுக்கோத்து, தயாராக இருந்தது.

அந்த வாரம்தான் தங்காயி அம்மாள் வந்தார். பரமத்தி வேலூர் பக்கத்திலிருந்து, வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிறவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றிலை அடுக்கும் இடத்தில் ஒரு பெண் வாரா வாரம் எங்கள் தொடரை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்களாம். முதலில் அவர் நாமக்கல்லுக்குப் போய் அக்காவைத் தேடியிருக்கிறார். அக்கா அன்று எங்கள் அலுவலகத்தில் இருந்ததால் இங்கேயே வந்துவிட்டார். முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்புள்ள கதைய உங்களுக்கு யாரு சாமி சொன்னாங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. தங்காயி அம்மாள் நின்றபடியே சொன்னார். அவருடைய மகளை ஆற்றோரத்து ஊர் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண் ஆற்றில் கிடந்தாள். தானாக விழுந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். எல்லாரும் அதையே ஒத்துக்கொண்டார்கள்.

"செருப்பு கெடந்தது கீழ்த்துறையிலீங்க. புள்ள கெடைச்சது மேல. தண்ணி மேல ஏறுமாங்க? நாங் கேக்காத ஆளில்லை. ஒருத்தரும் பதிலு சொல்லலை. நீங்கதான் அதைய எழுதியிருக்கறீங்க."

"அம்மா, நான் இதைக் கற்பனையா எழுதினேங்க. உங்க பொண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

தங்காயி அம்மாள் அதை நம்பவில்லை. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவொ செத்தது செத்துட்டா சாமி. தானா உழுந்தான்னு மட்டும் எழுதிப்போடாதீங்க."

அக்கா அவருக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "உங்க பொண்ணு பேரென்னங்க?" என்று மட்டும் கேட்டார். மல்லிகா என்றார் அந்த அம்மாள். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அக்கா, கடைசி அத்தியாயத்தைத் திருப்பித் தரச் சொன்னார். ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா என் மேசையிலேயே உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் புதிதாக எழுதினார். புதிய முடிவில் நாயக்கர் சபையில் நாச்சி நின்று, தண்ணீர் மேலே ஏறுமா என்று கேட்கிறாள். கோட்டைத் தலைவர் தலைகுனிகிறார். மாதங்கியின் கடைசி நிமிடத்தையும் அக்கா ஒரு சிறு காட்சியாகச் சேர்த்திருந்தார். அதில் அவள் ஒரே ஒரு வரிதான் பேசுகிறாள். "விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்." மெய்ப்புப் பார்க்கும்போது அந்த வரியில் என் பேனா நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

இதழ் வெளிவந்து சில நாட்களில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி சட்டை போட்டவர், சொந்தமாக லாரி வைத்திருப்பவர். பின்னால் வந்தது அவர் தம்பி, மல்லிகாவின் கணவன். அக்கா அடுத்த தொடரைப் பற்றிப் பேச வந்து உள்ளேதான் இருந்தார்.

"எங்கூட்டு விசயத்தையெல்லாம் கதையா எழுதறதுக்கு உங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தது?" என்றார் அண்ணன்.

"இது முந்நூறு வருஷத்துக்கு முந்தின கதைங்க" என்றார் அக்கா. "கோட்டையே என் கற்பனை. அதுக்குள்ள உங்க வீடு எப்படிங்க வந்துச்சு?"

வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அண்ணன் எழுந்தார். அதுவரை வாயே திறக்காத தம்பி மட்டும் நகரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"அந்த வெளக்கு... அவொ வெளக்கப் பத்திச் சொன்னது... உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

ஆசிரியர் வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் திரும்பி வந்து, தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். படியில் அவர்கள் இறங்குகிற சத்தம் நின்ற பிறகுதான் அக்கா உட்கார்ந்தார்.

"தம்பி, அதை நான் சும்மா எழுதினேன். சும்மா வந்துச்சு, எழுதினேன்."

அந்தத் தாயிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அக்கா வெகுவாகத் தவித்தார். கடைசியில் என்னையும் அழைத்துக்கொண்டு பரமத்தி வேலூருக்குப் போனார். கொடிக்காலுக்குள் அகத்தி நிழலில் பகலிலேயே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. தங்காயி அம்மாள் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னார். கேட்டுவிட்டு அந்த அம்மாள் அழவில்லை. கையிலிருந்த வெற்றிலைகளைக் காம்போடு காம்பு சேர்த்துச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"இருட்டுன்னா அவளுக்கு ஆகாதுங்க. சின்னதுலருந்தே. கட்டிக் குடுத்தன்னைக்கே மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன், வெளக்கு எரியட்டுஞ் சாமி, புள்ள பயந்துக்குவான்னு."

பிறகு மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கதையில் வந்த ஒரு வரியை வைத்து முடிந்துபோன வழக்கைத் திறக்க முடியாது, அந்தப் பையன் வந்து வாயால் சொல்லட்டும் என்றார். பையன் அதற்குள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தான். அதன்பின் அவன் ஊர் திரும்பவே இல்லை. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நாங்கள் எழுதியதால் ஆனது ஒன்றே ஒன்றுதான். கொடிக்கால்களில் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மல்லிகாவைத் தானாக விழுந்தவள் என்று தங்காயி அம்மாளின் காதுபட அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அக்கா அதோடு எழுதுவதை நிறுத்தினார். சில வருடங்கள் ஒரு வரிகூட இல்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும்போது எதையாவது கேட்டிருப்பாரோ, அது மனதில் தங்கிப்போயிருக்குமோ என்று எங்கள் ஆசிரியருக்குச் சந்தேகம். ஒருநாள் நானும் அதைக் கேட்டுவிட்டேன்.

"கேட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்குமே தம்பி" என்றார். "கேக்கலை. அதான் எனக்குத் தாங்கலை. அந்த வரி எங்கேயிருந்து வந்துச்சு? அந்த அம்மா மட்டும் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா, நான் அந்தப் பொண்ணை ரெண்டாந்தடவை ஆத்துல தள்ளியிருப்பேன்."

அவர் அறையில் பகலிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பழகிவிட்டது என்றாராம். கல்லறைத் திருநாளன்று சேலத்துக்கு வந்து, அப்பா அம்மா கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவார். கூடுதலாக ஒன்றைச் சுவரோரமாக, யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் ஏற்றுவார். ஒருமுறை நான் கூடப் போயிருந்தேன். அவராகவே சொன்னார். "அவ இங்கே இல்லைதான். ஆனா எங்கே நின்னாலும் வெளிச்சம் தெரியணுமில்ல?"

மறுபடி எழுத வந்தபோது அவர் கதைகள் மாறியிருந்தன. காதல் இருந்தது, கோட்டை இருந்தது, வாய்த்துடுக்கான பெண்கள் இருந்தார்கள். ஆனால் செத்தவர் யாரானாலும் முதல் பத்து பக்கங்கள் உயிரோடு நடமாடினார். அவருக்கு ஒரு பெயர், பிடித்த பண்டம், கோபம் எல்லாம் இருந்தன. கதை மெதுவாகப் போகிறது என்று வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அக்கா மாற்றிக்கொள்ளவில்லை. "செத்தவளை முதல்ல வாழவிடணும். அப்புறம்தான் யார் கொன்னாங்கன்னு கேக்கற தகுதி நமக்கு வரும்" என்பார்.

அடக்கத்துக்குத் தங்காயி அம்மாள் வந்திருந்தார். முதுகு நன்றாகக் கூனிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, குழிக்குள் ஒரு கைப்பிடி மண் போட்டார். யாரம்மா நீங்கள் என்று பங்குப் பாதிரியார் மெதுவாகக் கேட்டார். "எம்புள்ளைக்கு வாய் குடுத்தவங்க சாமி இவங்க" என்றார். பாதிரியாருக்கு அது விளங்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஓர் அச்சம். எழுதுகிற ஒவ்வொரு வரியும் நமக்குத் தெரியாத ஒரு வீட்டில், நமக்குத் தெரியாத ஒரு தாயின் முன்னால் வாசிக்கப்படும் என்கிற அச்சம். இப்போதும் மர்மக் கதைகளைச் செப்பம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வாரம் ஆத்தூரிலிருந்து ஓர் அம்மையாரின் நாவல் வந்தது. முதல் வரியிலேயே கிணற்றில் ஒரு பெண்ணின் பிணம். நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அவ கதையில வரவே மாட்டா சார். பிணம் மட்டும்தான்" என்றார்.

"பரவாயில்லைங்க. பேர் சொல்லுங்க."

மறுமுனையில் அவர் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. நான் வைக்காமல் காத்திருந்தேன்.