பேச்சு முடிந்த பிறகும்

அந்த விழாக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஸ்டோரம்மா. மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள். சரக்கறைச் சாவி மட்டும் அவள் இடுப்பை விட்டு நகரவில்லை. கல்யாணமோ, பணி ஓய்வோ, செத்தவருக்கு நினைவுக் கூட்டமோ, எதற்கு இடம் பிடிக்க வந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். “எல்லாருக்கும் ஒத்துப்போற மாதிரி ஒரு பீர் சொல்லுங்கம்மா.”

அதற்கு அவளிடம் ஒரே ஒரு சோதனைதான். புதிதாக எந்த பீர் வந்தாலும் ஒரு கிளாஸில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, முந்தின நாள் கிளாஸ்களையெல்லாம் கழுவி முடிப்பாள். பிறகுதான் குடித்துப் பார்ப்பாள். கம்பெனி ஆட்களுக்குப் பொறுக்காது. ஜில்லென்று குடிக்க வேண்டிய சரக்கு என்று பதறுவார்கள்.

“ஜில்லுன்னு இருந்தா பச்சத் தண்ணிகூடத்தான் நல்லா இருக்கும்,” என்பாள். “விசேஷம்னா எவனாவது மைக்கைப் பிடிப்பான். பிடிச்சா விடமாட்டான். அவன் முடிக்கிறவரைக்கும் கிளாஸ் கையிலயே நிக்கும். அதுக்கப்புறமும் வாயில வைக்க முடியுதான்னு பார்க்க வேணாமா?”

பகட்டான பாட்டில்கள் பல அந்த ஜன்னலோரத்தில் மண்ணைக் கவ்வின. தேறியது ஒன்றுதான். வெளிறிய மஞ்சள், லேசான கசப்பு, சட்டென்று தலைக்கேறாது. கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான் என்று கறாராகச் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு மணவிலக்கு கிடைத்த வாரம், அவளுடைய அக்கா அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

“கொஞ்ச நாள் என் வீட்ல வந்து இருடி. யாராவது கேட்டா, அவரு வெளியூர் வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கலாம்.”

ஸ்டோரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மனுஷனின் குத்தல் பேச்சை வெளியே தெரியாமல் மறைத்து மறைத்தே அவள் தலை நரைத்துவிட்டது. அவன் ஒழிந்த பிறகும் அவனுக்காகப் பொய் சொல்ல வேண்டுமா?

“மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்குச் சின்னக் கூடத்தைப் பிடிச்சிட்டேன். எல்லாரையும் கூப்பிடப் போறேன்.”

“இதெல்லாம் ஒரு விசேஷமாடி? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“நாலு பேருக்கும் கிளாஸ் இருக்கு. வரச் சொல்லு.”

கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய நிகழ்ச்சி என்னவென்று அதில்தான் எழுதுவார்கள். காரணத்தைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அவள் எல்லாரையும் அழைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ‘மணவிலக்கு விழா’ என்று தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, பீப்பாயைத் திறக்க உள்ளே போனாள்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் கையில் பூங்கொத்து. “பிறந்தநாள் வாழ்த்துகள்மா! இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!” பின்னால் வந்த சலவைக்காரர் பாடவே ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டோரம்மா திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

“மானம் போயிடக் கூடாதேன்னு...” அக்கா மென்று முழுங்கினாள்.

அழுகைதான் முதலில் வந்தது. கோபம் அதை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. அத்தனை பேரும் பார்க்க வாசலுக்குப் போய், பிறந்தநாளைக் கைத்துண்டால் அழித்து, முன்பைவிடப் பெரிதாக மணவிலக்கை எழுதினாள். திரும்பி வந்து எல்லார் கையிலும் கிளாஸைக் கொடுத்தாள். இதற்கெல்லாம் குடிக்கலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் மைக்கை எடுத்தாள்.

“எனக்குப் பிறந்தநாள் இல்ல. அவரு என்னை விட்டுட்டுப் போகவும் இல்ல. நான்தான் அவரை விட்டேன்.”

ஊரார் பேச்சையெல்லாம் கேட்டே காலம் தள்ளியவள் அன்று பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். விருந்தாளிகள் முன்னால் அவன் அவளை மட்டம் தட்டியது, அதற்கு அவளும் சேர்ந்து சிரித்தது, ஒன்றையும் விடவில்லை. “பாவம் பார்த்து யாரும் நிக்க வேணாம். பிடிக்கலைன்னா கிளாஸை வெச்சிட்டுப் போகலாம்,” என்று முடித்தாள்.

யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கிளாஸில் நுரை எப்போதோ அடங்கியிருந்தது.

முதலில் தூக்கியது அக்கா. ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தாள். இன்னொரு மடக்குக் குடித்தாள்.

“சூடேறிப் போச்சு,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஆனா நல்லாத்தான்டி இருக்கு.”

“அதான் இதை எடுத்தேன்,” என்றாள் ஸ்டோரம்மா, மைக்கை இன்னும் கீழே வைக்காமல்.