சிவப்பு வண்டிக்கு நான் போட்ட பிராக்கெட்

மோட்டார் பட்டறைத் தொழில் என்பது, ஊரான் வண்டியை ஓடும்படி செய்துவிட்டு, அது போகிற திசையைப் பார்த்தபடி கையில் இருக்கிற கிரீஸைத் துடைத்துக்கொள்கிற தொழில். கையைக் கரியாக்கிப் பிழைக்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் வில்லியனூர் ரயில்வே கேட் பக்கம் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்தினேன். கரும்பு லாரி, டிராக்டர், டெம்போ என்று எத்தனையோ வந்தன, போயின. என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றுதான்.

திடலில் விட்ட வார்த்தை

பட்டறை போடுவதற்கு முன்னால் நான் ஓர் அரிசி ஆலையில் இன்ஜின் ஃபிட்டர். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். துண்டறிக்கைகளில் படித்ததுதான் அதிகம். உழைப்பவன் உண்டாக்குகிற மதிப்பு யார் மடியில் போய் விழுகிறது என்பதை வில்லியனூரில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதலில் சொன்னவன் நான். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. கூலி உயர்வு கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்தோம். சில வாரங்களில் அடுப்பு எரியாத வீடுகள் பெருகிவிட்டன. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் வெளியே நின்றவன் நான் ஒருவன்தான்.

போராட்டம் சூடாக இருந்த நாளில், பேச்சுவார்த்தைக்கு என்னை அழைத்துவரப் பெரிய முதலாளி தன் காரை அனுப்பினார். நான் ஏறவில்லை. அன்று சாயங்காலம் சந்தைத் திடல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இந்தக் குடும்பத்துக் காரில் என் உடம்பு ஒருநாளும் ஏறாது" என்று முழங்கினேன். அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மூட்டை தூக்கும் தணிகாசலம் மேடைக்கே ஓடிவந்து என் தோளில் துண்டு போட்டுவிட்டுச் சொன்னான்: "இது போதும்ணே. கூலி ஏறாட்டி போவுது, நீ ஏறாத."

இரண்டே கியரில் வந்தது

பெரிய முதலாளி காலமானார். மகன் கோதண்டபாணி ஆலையைப் பார்த்துக்கொள்ள வந்தார். வந்த கையோடு, புதுச்சேரி டவுனில் ஒரு சொல்தா வீட்டிலிருந்து ஒரு கார் வாங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். கூரை இல்லாத கார். இரண்டே சீட்டு. மிளகாய்ப்பழச் சிவப்பு. தெருநாய் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்க்கலாம், அவ்வளவு தணிவு.

அதைப் பட்டறைக்கு ஓட்டிவந்தவன் ஆலை டிரைவர் அண்ணாமலை. போராட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். உள்ளே போனவர்களில் இரண்டாவது ஆள். ஆலையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு வந்து நின்றான்.

"மூணாவது கியர் விழ மாட்டேங்குது. இன்னா தலைவரே, எங்க மொதலாளி வண்டிய நீ தொடலாமா? இல்ல அதுக்கும் எதனா சபதம் கிபதம் வெச்சிருக்கியா?"

"தொடலாம். ஏறத்தான் மாட்டேன்."

வேலையை நான் மறுத்திருக்கலாம். ஆனால் பட்டறைக்காரனுக்கு வருகிற வண்டிதான் சோறு. அதோடு, பொய் சொல்ல மாட்டேன், அந்த வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கை பரபரத்தது. அதை அண்ணாமலை கவனித்துவிட்டான். சாவியை என் கையில் போடாமல் தன் விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "நல்லா பாரு. பாக்கறதுக்குச் சங்கத்துல தடை இல்ல."

உடம்பு வெளியே, கை உள்ளே

மெட்ராஸில் பெரிய கம்பெனியில் கேட்டதற்கு, கியர் ராடு கூட்டையே முழுசாக மாற்ற வேண்டும், சாமான் கப்பலில் வரவேண்டும் என்றார்களாம். நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பெட்டியின் வாலில் ஒரு கூடு. அந்தக் கூட்டின் மேல்தான் கியர் ராடு நிற்கிறது. கூட்டின் பின்முனை ஒரு ரப்பரில் தொங்குகிறது. ரப்பர் ஊறின தோசை மாதிரி ஆகிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கமாக முறுக்கும். கூடவே ராடும் சாயும். கை தேடிப் போகிற இடத்தில் மூன்றாவது கியர் இருக்காது. அது வேறு இடத்தில் இருக்கும். கூட்டின் முதுகைப் பிடித்து நிறுத்த ஒரு பிராக்கெட் போட்டால் போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரைச் செய்த கம்பெனி அப்படியொரு சாமானே செய்யவில்லை. செய்யாவிட்டால் என்ன? நாம் செய்வோம்.

ராடு எவ்வளவு ஆடுகிறது என்று கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். கூரை இல்லாத வண்டி என்பதால் எனக்கு வசதியாகப் போயிற்று. கதவுக்கு வெளியே நின்று குனிந்து கையை மட்டும் உள்ளே விட்டேன். உடம்பு வெளியே, கொள்கைக்குப் பங்கமில்லை. அண்ணாமலை ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ராடு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது. அதன் தலையில் ஒரு மரக்குமிழ். எவனோ ஒரு சொல்தா பல வருஷம் பிடித்துப் பிடித்து வழவழப்பாக்கியது. என் உள்ளங்கைக்கு அளவெடுத்துக் கடைந்தது போல வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்தும் நான் கையை எடுக்கவில்லை போலிருக்கிறது. அண்ணாமலை இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "கை ஏறிடுச்சி. காலு எப்போ?"

சின்ன முதலாளியின் சாம்பார்

முதல் பிராக்கெட்டைப் பட்டை இரும்பில் செய்தேன். உலையில் காய்ச்சி வளைத்து, துளை போட்டு, கூட்டின் முதுகையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினேன். ரப்பரே வேண்டாம், அதுதானே எல்லாக் கெடுதலுக்கும் காரணம் என்று தூக்கிப் போட்டுவிட்டேன். ராடு அரசமரம் மாதிரி நின்றது. மூன்றாவது கியர் விழுந்தது என்று அண்ணாமலை வந்து சொன்னான். அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

மறுநாள் கோதண்டபாணியே வந்தார். அவர் அப்பாவைப் போல் இல்லை; நின்றுகொண்டே பேசுவார், என்னை உட்காரச் சொல்வார். எதிரி மரியாதையாக நடந்துகொண்டால் போராட்டக்காரனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எந்தத் துண்டறிக்கையிலும் எழுதவில்லை. வலது கையை உதறிக்கொண்டே நின்றார். இரும்போடு இரும்பை இறுக்கியதில் இன்ஜின் நடுக்கமெல்லாம் ராடு வழியாக அவர் கைக்கு ஏறியிருக்கிறது. லாரி டயருக்கும் டியூபுக்கும் நடுவில் போடுகிற பிளாப் ரப்பரை வட்டம் வட்டமாக வெட்டி, போல்ட்டுக்கு மேலும் கீழும் கொடுத்தேன். ஒரு வட்டம் கூடினால் ராடு ஆடும், ஒன்று குறைந்தால் கை அதிரும். சரியான கனத்துக்கு வருவதற்குள் ஒரு பிளாப்பே தீர்ந்துவிட்டது. இவ்வளவு பாடுபட வைத்தது அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான்: "தலைவரே, மூணாவது நல்லா விழுது. ஆனா வூட்டுக்குப் போயி சோத்துல கைய வெச்சா, சாம்பாரு தானா பெசையுது."

அண்ணாமலை கொடுத்த அறிக்கை

ரப்பர் போட்டபின் வண்டியைப் பக்கத்து ஊரான பத்துக்கண்ணு வரைக்கும் ஓட்டிப் பார்க்க அண்ணாமலைதான் போனான். பட்டறை வைத்திருக்கும் எவனும் தான் சரிசெய்த வண்டியைத் தானே ஓட்டிப் பார்ப்பான். அது அவனுக்குக் கூலியோடு சேர்ந்த கூலி. நான் ரயில்வே கேட்டில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவனை இறங்கவிடாமல் கேட்டேன்.

"மூணாவது எப்டி விழுந்துச்சி?"

"விழுந்துச்சி."

"எப்டின்னு கேக்கறன்."

"இன்னாயா இது, ரெண்டாவதுலருந்து எடுத்து மேல தள்ளனேன், விழுந்துச்சி."

"தள்ளனியா, தானா போச்சா? கடைசில ஒரு சின்ன இழுப்பு இருக்கணுமே, கைய உள்ள இழுத்துக்கற மாதிரி, இருந்துச்சா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம், எதையோ யோசித்தவன் போல, குரலைத் தணித்துச் சொன்னான். "இருந்துச்சிபா. வெண்ணெயில வெரல வுட்ட மாதிரி."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! உளியைப் பிடித்தாலும் அந்த மரக்குமிழ்தான் ஞாபகம். சோறு தின்னும்போதும் வெண்ணெய்தான் ஞாபகம். ஒரு தடவை நானும் என் மனைவி பாக்கியமும் பாகூரில் ஒரு கல்யாணத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் கை முன்சீட்டுக் கம்பியில் தானாக மேலே போய்க் கீழே வந்திருக்கிறது. பஸ் முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள்: "யோவ், பஸ்ஸ டிரைவரு ஓட்டட்டும். நீ கைய மடக்கிகினு உக்காரு."

சிவப்பு வண்டிக்குப் போட்டதே வேணும்

பிராக்கெட்டின் புகழ் மண்ணாடிப்பட்டு வரைக்கும் போய்விட்டது. டெம்போக்காரர்கள் வந்தார்கள். கியர் ராடு வைத்த எந்த வண்டி உளறினாலும், "அந்த சாமான் ஒண்ணு போடுபா" என்றார்கள். சிலதற்குப் போட்டேன், பிரயோஜனமாகவும் இருந்தது. கிளட்ச் தேய்ந்த வண்டிகளுக்குப் போட மாட்டேன் என்றால் சண்டைக்கு வந்தார்கள். முதலாளிக்குச் செய்வாயாம், எங்களுக்குச் செய்ய மாட்டாயாம், நீயெல்லாம் ஒரு தோழனா என்று ஒரு செங்கல் லாரிக்காரன் என்னையே வர்க்க துரோகி ஆக்கிவிட்டுப் போனான்.

சுத்துக்கேணியிலிருந்து ஒரு கரும்பு விவசாயி சைக்கிளில் வந்தார். தன் கொல்லையில் ஒரு சமாச்சாரம் ரொம்ப ஆடுகிறது, அதே பிராக்கெட் ஒன்று வேண்டும் என்றார். எந்த வண்டி என்று கேட்டேன். பம்ப்செட் என்றார். அதற்குக் கியரே கிடையாதே ஐயா, கீழே சிமெண்ட் மேடை விரிசல் விட்டிருக்கும், அதைப் பாருங்கள் என்றேன். அவர் விடுவதாக இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "நீ ஏறாத வண்டியே அப்டிப் போவுதுனா, எம் பம்புசெட்டு இன்னா பாவம் பண்ணிச்சி?"

கைமாறிய அன்று

ஒருநாள் காலையில் கோதண்டபாணி தனியாக அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அண்ணாமலை கூட இல்லை. மெட்ராஸில் ஓர் ஆளுக்கு விற்றாகிவிட்டது, மத்தியானம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றார். இன்ஜினை நிறுத்தவில்லை. கீழே இறங்கி, சுற்றி வந்து, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. கதவு திறந்தபடி கிடந்தது.

"வாங்க தலைவரே. பத்துக்கண்ணு வரைக்கும் ஒரு தடவ. நீங்க ஓட்டுங்க, நான் உக்காந்து வரேன்."

நான் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்க குடும்பத்துக் காருனுதானே சொன்னீங்க? எங்கப்பாவும் இல்ல. இது எனக்கும் இனிமே சொந்தமில்ல. ஒங்க பிராக்கெட்டு எப்டி இருக்குதுனு ஒங்களுக்குத் தெரிய வேணாமா?"

ரயில்வே கேட்டை ஒட்டிய டீக்கடையில் ஆலைக்குப் போகிற மூட்டைக்காரர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலமும் இருந்தான். எல்லோரும் டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுப்போன போராட்டத்தில் இவர்களுக்கு நான் மிச்சம் வைத்திருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் இன்று இவர்கள் கண்ணெதிரே விழுங்கிவிட்டால் எனக்கும் உள்ளே போன அண்ணாமலைக்கும் என்ன வித்தியாசம்? கை குமிழுக்காகத் தவித்தது. கதவைச் சாத்தினேன். வெளியே நின்றபடியேதான் சாத்தினேன்.

"நீங்களே ஓட்டிப் போங்க" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, இடம் மாறி உட்கார்ந்து கிளம்பினார். கேட்டைத் தாண்டும்போது முதல் கியர். வளைவில் இரண்டாவது. அப்புறம் ஒரு கண நேரம் இன்ஜின் சத்தம் அடங்கியது; கை நகர்கிற நேரம் அது. பிறகு தணிந்த குரலில் மறுபடி எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரு உரசல் இல்லை, ஒரு முக்கல் இல்லை. மூன்றாவது விழுந்துவிட்டது. என் கையும் கூடவே மேலே போயிருந்தது. சத்தம் காதில் இருக்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஒரு கைதட்டலை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. ஒருவனும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கவில்லை. தணிகாசலம் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டான். வண்டி போன ரோட்டையே பார்த்தபடி சொன்னான்: "ஏண்ணே ஏறல? மொதலாளிய பக்கத்துல குந்த வெச்சிகினு நீ ஓட்டினு போயிருந்தா, அதாண்ணே நாம ஜெயிச்ச மாதிரி இருந்திருக்கும்."

ஒரே வேலைநிறுத்தத்தில் இரண்டு தடவை தோற்ற தலைவன் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.