பெயர் எழுதாத கசெட்

படவரைஞர் பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூட மாட்டார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ட்ரம்மின் அடிக்கு அடி தட்டிக்கொண்டே வருவார். எங்கேனும் அடி பிசகினால் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார். பிழையாக அடித்தவன் நானேதான் என்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

கண்டி நகரில் ஒரு ரெக்கோர்டிங் பாரில் அப்போது எனக்கு வேலை. வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் கொப்பியில் குறித்துக்கொண்டு, வெற்றுக் கசெட்டில் பதிந்து, அட்டையில் பெயர்களை எழுதிக் கொடுப்போம். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரச திணைக்களம் ஒன்றில் வரைபடம் வரைபவர். யுத்தத்தால் வடக்குக்குப் பாதை அடைபட்டு, வீட்டுக் கடிதமே வராமல் மாதக்கணக்காகியிருந்த காலம். வாடகை அறைக்குப் போனால் பேச ஆளில்லை என்று வேலை விட்டதும் கடைக்கு வந்துவிடுவார். எனக்கும் அந்த நகரத்தில் வேறு யாருமில்லை. எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு மெட்டல் இசைக்குழு. கண்ணால் கண்டிராத நாலு வெள்ளைக்காரர்களுக்காக நாங்கள் சண்டை பிடிக்காத நாளில்லை.

“ஐசே, அந்த ட்ரம்மர் போனதோடை அவங்கள் முடிஞ்சாங்கள். பிறகு வந்த மூண்டு அல்பமும் வெறும் தண்ணி” என்பார்.

“பாடுறவரு அதே ஆளுதானேண்ணே? ட்ரம் அடிக்கிறவன் மாறினா பாட்டே கெட்டுப் போயிருமா?” என்பேன்.

உண்மையில் புதிய அல்பங்கள் எனக்கும் பிடிக்கவில்லை. ஒத்துக்கொண்டால் மறுநாள் பேச என்ன இருக்கும் என்றுதான் விட்டுக்கொடுக்காமல் இருந்தேன்.

அவரை மடக்க ஒரு வழி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் குழுவின் மேடைப் பதிவுகள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தார். படவரைஞர் கேட்டிராதவை. பழைய ட்ரம்மர் வாசித்தது நாலு, புதியவர் வாசித்தது நாலு என்று எட்டைக் கலந்து பதிந்தேன். எது யாருடையது என்று அவரே கண்டுபிடிக்கட்டும் என்று அட்டையில் ஒரு எழுத்தும் எழுதாமல் அவரிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அடையாள அட்டையில் உள்ள ஒருவர் அந்த நாட்களில் பெயர் எழுதாத கசெட்டுடன் பஸ் ஏறக்கூடாது. எனக்கு இது தெரியாதது அல்ல. வெல்லும் அவசரத்தில் மறந்துபோனேன்.

மறுநாள் வேலை விஷயமாகத் தெல்தெனியவுக்குப் போனவரை வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். கசெட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாடகரின் உறுமல் எந்த மொழி என்று எங்களுக்கே பிடிபடாது. அவர்களுக்கு எப்படிப் பிடிபடும்? ஏதோ ரகசியச் செய்தி என்று உள்ளே போட்டுவிட்டார்கள்.

அவர் தங்கியிருந்த வீட்டு அம்மா கடைக்கு ஓடிவந்தார். “யாரு பதிஞ்சது, என்னா பாட்டுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வரணுமாம் தம்பி.” எட்டுப் பாட்டின் பெயரும் எழுதிய கொப்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்த அம்மா போனதும் கடை முதலாளி குரலைத் தாழ்த்தி, “சும்மா இரி. ஒன்னயும் சேத்து உள்ளுக்குப் போட்டுருவாங்க” என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பயந்தேன். நாளைக்குப் போகலாம் என்று நாலு நாள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், பதிந்த கடையைக் காட்டு என்று அவரைத் தெருவில் நடத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் கடை வாசலில் அவர் கண் என் கண்ணில் பட்டது. நிற்காமல் நடந்து போய்விட்டார். நான் குனிந்து, ஓடாத இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழுவில் இன்று பழைய ஆள் ஒருவருமில்லை. கைத்தொலைபேசியைத் திறந்தால், எந்த அல்பத்தோடு சரிவு தொடங்கியது என்று இரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ட்ரம்மர் போனதோடுதான் என்று யாராவது எழுதியிருந்தால் அதற்குமேல் வாசிக்க முடிவதில்லை. படவரைஞர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இப்படி வாதாட அதன்பிறகு எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை.

திணைக்களத்துப் பெரியவர் கடிதம் கொடுத்து, பிடித்துப் போன எட்டாம் நாள் அவரை விட்டார்கள். நேரே கடைக்குத்தான் வந்தார். மெலிந்திருந்தார். “ரெண்டு, மூண்டு, ஆறு, எட்டு. பழைய ஆள் அடிச்சது இந்த நாலும்தான். மிச்சம் புது ஆள். சரியோ?” என்றார். நாலும் சரி. “அங்கை அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டவங்கள். வடிவாக் கேட்டனான்.”

பிறகு அவரே சொன்னார். “நீர் ஊரிலை இல்லைப் போலை.”

“ஆமாண்ணே. தோட்டத்துக்குப் போயிருந்தேன்” என்றேன்.

“ஓம். வீட்டு அம்மாட்டையும் அப்பிடித்தான் சொன்னனான்” என்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.