மூலை வீட்டின் இருபத்துமூன்று தாமரைகள்

1908 நவம்பர்: மூலை வராந்தா, ரூ. 1,140.
1952 மே 4: நடுச்சுவர், ரூ. 86.
1983 ஆகஸ்ட் 9: அதே சுவரை இடித்த கூலி, ரூ. 40.

வட கல்கத்தாவில் இரண்டு சந்துகள் கூடும் முனையில் பாலித் குடும்பத்தின் வீடு. மாடியில் அரைவட்டமாக வெளியே நீளும் வராந்தா. அதன் வார்ப்பிரும்புக் கிராதியில் வரிசையாகத் தாமரைகள். பாகப்பிரிவினையில் வராந்தாவின் நட்டநடுவே செங்கல் சுவர் எழுந்தது. தெற்குச் சந்துப் பக்கம் கிரீந்திரநாத்துக்கு, கிழக்குச் சந்துப் பக்கம் பெரியப்பா மகன் மணீந்திரநாத்துக்கு. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண்கள். முப்பத்தொரு வருடம் பேச்சு இல்லை.

சாலையை அகலமாக்க மூலையை வெட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. பழமைச் சிறப்புள்ள கட்டடமாகப் பதிவானால் வராந்தா தப்பும். நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்ற கிரீந்திரநாத், தன் பாகத்தை மட்டும் அளந்து விண்ணப்பித்தார். அண்ணன் பாகத்தில் ஓர் அங்குலம் எழுதுவதும் முறையல்ல என்பது அவர் எண்ணம். 'தாமரைகள் பதினொன்றரை' என்று எழுதினார். மணீந்திரநாத்தும் தனியே விண்ணப்பித்திருந்தார். அதிலும் பதினொன்றரை.

இரண்டும் திரும்பி வந்தன. அரை வராந்தாவைப் பதிவு செய்ய வழியில்லை. முழு மூலைக்கும் ஒரே படம், இரண்டு கையெழுத்து, முப்பது நாள் தவணை.

இருபது நாள் அந்தக் காகிதம் மேசையிலேயே கிடந்தது. இருபத்தோராம் நாள் காலை கிரீந்திரநாத் சுவரருகே போய், சிறு வயதில் அண்ணனை அழைத்தபடியே அழைத்தார்.

"மேஜ்தா, அந்தப் பக்கம் முழுப் பூ எத்தன?"

இருமல் கேட்டது. "பதினொண்ணு. ரிட்டயராகியும் எண்ணிக்கிட்டேதான் இருக்கியா?"

"இங்கயும் பதினொண்ணு. நடுப்பூ சுவத்துக்குள்ள இருக்கு. அதப் பாக்காம வரைய முடியாது."

"மத்தது மாதிரியே ஒண்ணு போட்டுடேன். யாரு வந்து பாக்கப் போறா?"

"பாக்காதத நான் வரைஞ்சதில்ல, மேஜ்தா."

அந்தப் பக்கம் சுவரைத் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டது.

"ஆளக் கூப்பிடு. கூலியில பாதி என்னுது."

சுவர் விழுந்தது. நடுத்தாமரையைத் துரு தின்றிருந்தது. இதழ்கள் மூன்றுதான் மிச்சம். அதை மூன்றாகவே வரைந்தார் கிரீந்திரநாத். அளவுநாடாவின் மறுமுனையை மணீந்திரநாத் பிடித்துக்கொண்டார். தவணைக்கு இரண்டு நாள் முன்பு இருவரும் கையெழுத்திட்டார்கள்.

துர்கா பூஜை முடிந்த மறுவாரம் மணீந்திரநாத் இறந்தார். சுவர் இருந்த இடத்தைத் தாண்டிப் போய் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார் கிரீந்திரநாத்.

மூலை வெட்டப்படாது என்ற கடிதத்தின் உறைமேல் இரண்டு கதவெண்களும் இருந்தன. எந்த வாசலில் கொடுப்பது என்று தபால்காரர் கேட்டார். கிரீந்திரநாத் கிழக்கு வாசலைக் காட்டினார். அங்கே அண்ணி அதை வாங்கிக்கொண்ட நாள், 1984 பிப்ரவரி 17.