மலை நிழல் விழுந்த அடுப்பு

அடுப்பு ஊதி ஊதி அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டிருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய் பாதி மாதம்கூட வராது. மற்ற நாளெல்லாம் ஈர விறகுதான். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். பூமியின் மேல் நமக்குக் கிடைக்கும் சூடு ஏறக்குறைய எல்லாமே சூரியன் தருவது, பூமிக்குள்ளிருந்து மேலே வருவது அற்பம் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு சூடும் எங்கள் மொட்டைமாடியில் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லூரியில் கெஞ்சி, ஒரு சூரிய அடுப்பைத் தூக்கிவந்தேன்: கறுப்புப் பெட்டி, கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பிவிட ஒரு நிலைக்கண்ணாடி.

"இன்னாடா இது, ட்ரங்குப் பொட்டி?"

"அடுப்பும்மா. இனிமே நீ ஊதவே வேணாம்."

அன்று கிருத்திகை. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் முருகனுக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு. காலையிலேயே அரிசியை வைத்துவிடலாம் என்றேன்.

"ஆறிப்போன சோத்தையா சாமிக்குப் படைப்பாங்க?"

வீடு கழுவி, தலை முழுகி, அவள் அரிசி களைந்து தரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. இந்தச் சூடு போதும் என்று நினைத்து, அரிசிப் பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

எங்கள் தெரு மலைக்குக் கிழக்கே, அடிவாரத்தை ஒட்டி. மலையைவிட்டுத் தள்ளியிருக்கும் கீழ்பென்னாத்தூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே எங்களுக்கு மலை அதை மறைத்துவிடும். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். காய்ந்த துணியை எடுக்க அம்மா மாடி ஏறுவதே அந்த நிழலைப் பார்த்துத்தான். அன்று இருவருக்கும் அது தோன்றவில்லை. நிழல் கைப்பிடிச் சுவர் ஏறி, பெட்டிமேல் வந்து உட்கார்ந்தது. நிலைக்கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் அதில் மலைதான் தெரிந்தது.

மூடியைத் திறந்தேன். அரிசி ஊறிப் பருத்திருந்தது, வேகவில்லை. அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"எறக்கி எடுத்துனு வா. பொழுது போவுது."

கீழே அவள் விறகைச் செருகினாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வெறகுல இருக்கறதும் சூரியனோட சூடுதாம்மா. மரம் வெயில்லதானே வளந்துது?"

"அப்படியா? அப்போ அந்தச் சூரியனை நீயே ஊது."

ஊதுகுழலை என் கையில் திணித்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் ஊதினேன். கண்ணெல்லாம் புகை. ஒருவழியாகச் சோறு பொங்கியது. படைத்தபின் ஒரு பிடி சாப்பிட்டாள்; மறுபிடிக்குத் தெம்பில்லாமல் அங்கேயே படுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஊதுகுழல் என்னுடையது.